பொன்னெழுத்தும் புள்ளியும்

கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர முஸ்லிம் ஊர்களில், மேலட்டையில் பொன்னெழுத்து மின்னும் குர்ஆன் பிரதியைக் காணாதார் அரியர். அட்டையிற் பொன் பதிக்கும் இக்கலை, இஸ்லாமிய உலகின் நூற்கட்டுநரிடமிருந்தே ஐரோப்பாவுக்குச் சென்றது. பதப்படுத்திய தோலில் முட்டை வெண்கருவைப் பூசி, அதன்மேற் பொன்னிதழை விரித்து, காய்ச்சிய முத்திரையால் அழுத்துவதே அம்முறை. 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார் இதனைக் கைக்கொண்டனர். 1832இல் இங்கிலாந்தில் துணி அட்டைகளின்மீது பொறிகொண்டு பொன்னெழுத்துப் பதிக்கலாயினர். அந்நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியிற் பொற்படலச் சுருள் தோன்றியது. இன்றைய படலத்திலோ பெரும்பாலும் பொன் இல்லை. மஞ்சட் பூச்சின்கீழ் மெல்லிய அலுமினியம் இருந்துகொண்டு பொன்வேடம் போடுகின்றது!

எழுத்தைப் பதிக்கும் உலோக அச்சுக்கு முதலில் வேண்டுவது ஒரு படம். வெண்தாளில் தனிக் கறுப்பு மையால், வேண்டிய அளவினும் இருமடங்கு மும்மடங்கு பெரிதாக அதனை வரைந்து, கமராவாற் சுருக்கிப் பிலிமாக்குவர். ஒளியுணரும் பூச்சிட்ட தகட்டின்மேல் அப்பிலிமை வைத்து ஒளி பாய்ச்சினால், ஒளி பட்ட இடம் இறுகும். எஞ்சிய இடத்தை அமிலம் அரிக்கும். 1850இல் பிரான்சில் ஜில்லோ என்பார் துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்துப் புடைப்பு அச்சாக்கும் வழியைக் காட்டியிருந்தார். ஒளிப்படம் பின்னர் அதனோடு இணைந்தது. இக்காலத்தில் வரைவு கணினியில் நடைபெறுகின்றது.

ஆயினும் இடர் மாறவில்லை. அமிலம் பக்கவாட்டிலும் அரிப்பதால் நுண்ணிய புள்ளி அடியோடு போய்விடும். நெருங்கிய இரு புள்ளிகளுக்கு இடையிலோ, சூட்டில் இளகிய படலம் பாலமிட்டு ஒன்றாக்கிவிடும். ‘அக்கரைப்பற்று’ என்னும் பெயரில் மூன்று புள்ளிகள் உள்ளன. ‘கல்முனை’யின் ஒரேயொரு புள்ளி மறைந்தால் அது ‘கலமுனை’யாகும். தமிழில் வாசகர் இதனை ஊகித்துக்கொள்வர். அரபில் அவ்வாறன்று: சொல்லின் நடுவே ‘தா’வின் மேலுள்ள இரு புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் அது ‘நூன்’ எனவே படிக்கப்படும். திருமறை வாசகத்தில் எழுத்து மாறுவதை எவர் பொறுப்பர்?

அரபுத் தமிழிற் புள்ளிகள் இன்னும் மிகுதி. தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளிற் புள்ளியும் குறியும் கூட்டி அதனை அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் அரபுத் தமிழ் நூல்கள் இலங்கையிலும் பரவின. அத்தகைய நூல்கள் பலவற்றுக்குக் கல்லச்சே கைகொடுத்தது. ஈய எழுத்து வார்க்க வேண்டியதில்லை. எழுதுவோர் தம் கையாலேயே ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் விட்டு எழுதலாம்.

பொன்னச்சுக்கு வரைவோர் செய்ய வேண்டியதும் அதுவே. தாளில் அழகாகத் தோன்றும் அளவினும் புள்ளியைச் சற்றுப் பருமனாக்கி, இடைவெளியை அகற்றி, ‘ண’கரத்தின் சுழிகளைத் திறந்து வரைதல் வேண்டும். அரித்தெடுத்த அச்சில் எழுத்து இடம்வலமாகத் திரும்பியிருக்கும். அரபு இடமிருந்து வலமாக ஓடும். பழகாத கண் அங்கே தடுமாறும். ஆனால் மேற்புள்ளி மேலேயும் கீழ்ப்புள்ளி கீழேயும் மாறாது நிற்பதால், பொறியைச் சூடேற்றுமுன் உலோகத்திலேயே அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிடலாம்.