சோழி பரப்பிக் கணித்த கிரகணம்

சித்திரை பிறக்குமுன்னரே நம் காட்பாடிக் கடைகளில் பஞ்சாங்கங்கள் வந்துவிடும். வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. இராகுகாலமும் முகூர்த்தமும் பார்ப்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். 'வாக்கியம்' என்னும் சொல் அங்கே எப்படி வந்தது என்று கேட்பார் குறைவு.

1825ஆம் ஆண்டு. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை முன்பு வகித்த ஜான் வாரன், தென்னாட்டுக் காலக்கணிதத்தை ஆராய்ந்து 'கால சங்கலித' என்னும் நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரை அவர் சந்தித்தார். வாரனின் எழுத்துப்படி அவர் பெயர் சாமி நாடன் சாஷியா. சாமிநாத சேஷய்யா என்று கொள்ளலாம். அவர் தரையில் சோழிகளைப் பரப்பினார். ஏடும் எழுத்தாணியும் இன்றி, மனப்பாடமாக இருந்த அட்டவணைகளைக் கொண்டே 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை. அவ்வளவே.

இக்கணக்கின் அருமையை உணரக் கிரகணம் நிகழும் முறையைச் சற்று நினைவுகூர வேண்டும். பௌர்ணமிதோறும் பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவதில்லை. நிலவின் பாதை சூரிய வீதிக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரு பாதைகளும் வெட்டும் புள்ளிகள் இரண்டு. அவையே இராகு, கேது. புராணம் பாம்பென்றது, கணிதர் அதையே நகரும் புள்ளியாகக் கொண்டனர். அப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கின்றன. சூரியன் அவற்றுள் ஒன்றை நெருங்கியிருக்கும்போது அமாவாசையோ பௌர்ணமியோ வாய்த்தால்தான் கிரகணம்.

நிலவின் வேகமோ நாளுக்கு நாள் மாறுவது. 248 நாள்களில் அவ்வேக மாற்றம் ஏறத்தாழ 9 சுற்று முடித்துப் பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே நாளுக்கொன்றாக 248 சந்திர வாக்கியங்கள். வரருசியின் பெயரால் வழங்குபவை. ஒவ்வொரு சொற்றொடரும் ஓர் எண். கடபயாதி முறையில் க, ட, ப, ய நான்கும் 1; மெய்யெழுத்துக்கு மதிப்பில்லை; வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். விளையாட்டாகக் 'காட்பாடி'யை எண்ணிப் பார்த்தால் 111 வருகிறது. ஆனால் கடைசி எழுத்தை நாம் ஒலிக்கிறபடி கொண்டால் அது வடமொழி வரிசையில் 3. எண் 311 ஆகிவிடும். இவ்வேறுபாட்டைத் தமிழெழுத்து காட்டாது. வாக்கியங்கள் வடமொழியில் அமைந்ததன் வசதி இதில் விளங்கும்.

வாரனுக்கு அரை நூற்றாண்டு முன்னரே பிரெஞ்சு வானியலார் லெ ஜான்டீல் புதுச்சேரியில் இதைக் கற்றார். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் காண வந்தவர் அவர். 1761இல் கடல்மேல் தவறவிட்டு, எட்டாண்டு காத்திருந்து, 1769 ஜூன் 4 அன்று மேகத்திடம் தோற்றார். காத்திருந்த காலத்தில் 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் தமிழர் கணக்கை ஒப்பிட்டார்: கால அளவில் 41 வினாடி குறைவு. ஐரோப்பாவில் புகழ்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 வினாடி மிகை!

இதைக் கேட்டு நாம் மார்தட்டிக்கொள்வது எளிது. ஆனால் வாரன் கண்ட கணிதர்கள் ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்பதை அறியாதவர்களாகவே இருந்தனர். 1952இல் 'தமிழ் வானியல்' பற்றி எழுதிய ஓட்டோ நியூகெபவர், பாபிலோனியக் கணிதத்தின் தொடர்ச்சியை இம்மரபில் கண்டு வியந்தார். அவர் வியந்தது துல்லியத்தைக் கண்டன்று, நெடுங்காலம் மாறாதிருந்ததைக் கண்டு. அம்மாறாமையே இதன் குறையும் என்பது நம் கருத்து. அண்டையிலுள்ள கேரளத்தில் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணால் நோக்கி 1431இல் 'திருக்கணித'த்தைத் திருத்தி அமைத்தார். வாக்கியத்தாரோ வானைவிட நினைவையே நம்பினர்.

தமிழகத்தில் அந்த நோக்கும் பழக்கத்தை வற்புறுத்தியவர் சென்னை வானாய்வக உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தி சென்று நோக்கிய அவர், கண்டதோடு ஒத்துவரும் பஞ்சாங்கத்தைத் தாமே கணித்து வெளியிட்டார்.