முன்பெருக்கி (நியூட்ரினோ உணர்கருவி)

மின்தடைத் தட்டுக் கலங்களில் எழும் நலிந்த மின்துடிப்பை அளவிடத்தக்கதாக உயர்த்தும் அகலப்பட்டை மின்னணுச் சுற்று. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கெனத் திட்டமிடப்பட்ட 50,000 டன் காந்தமூட்டிய இரும்புக் கலோரிமானியின் (ஐகால்) உறுப்பு.

டிரான்சிஸ்டர் தேர்வு: துடிப்பின் ஏறுநேரம் ஏறத்தாழ 1 நானோவினாடி. 0.35-ஐ ஏறுநேரத்தால் வகுக்கக் கிடைக்கும் பட்டை அகலம் 350 மெகாஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டரின் பெருக்க எல்லை அதிர்வெண் இதைப்போலப் பலமடங்கு இருத்தல் வேண்டும். திறன் டிரான்சிஸ்டர்களில் உள்ளார்ந்த மின்தேக்குதிறன் மிகுதி. அது உயர் அதிர்வெண்ணில் பெருக்கத்தைக் குறைக்கும். ஐகாலின் வடிவமைப்பில் சுமார் 36 இலட்சம் மின்னணுத் தடங்கள் உள்ளமையால் வெளியீட்டுத் திறனினும் குறைந்த இரைச்சல், குறைந்த மின்செலவு ஆகியவையே முதன்மை.

வரலாறு: பாபா அணு ஆராய்ச்சி மையம் இதற்கென ‘அனுஸ்பர்ஷ்’ சில்லை வடிவமைத்தது. ஆய்வகத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. 85 டன் முன்மாதிரியான மினி-ஐகால் மதுரையில் நிறுவப்பட்டது.