நஞ்சும் இளங்கொடியும்: பாபநாசம் வட்டாரத்துச் சொல்வழக்கு ஒன்றின் மறுவாசிப்பு

பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தபின் விழுவதை நஞ்சு என்கிறோம். பசு கன்று போட்டபின் விழுவதும் அதே உறுப்புதான். ஆனால் அதற்கு இளங்கொடி என்று பெயர். இந்தப் பெயர் வேறுபாட்டிலிருந்து முந்தைய ஆய்வு மரபு ஒன்று நேராக ஒரு முடிவுக்குப் போயிற்று: பெண்ணின் பேறு தீட்டு, அதனால் அவள் கொடி நஞ்சு, பசு புனிதம், அதனால் அதன் கொடி இளங்கொடி. கச்சிதமான விளக்கம்தான். காவிரிப் படுகையிலுள்ள பாபநாசம் வட்டாரத்து மாட்டுக்கொட்டகைக்குள் அது நிற்பதில்லை.

எருமையைப் பார்ப்போம். எருமைக்குப் புனிதம் எதுவும் கிடையாது. எமனுக்கு வாகனமாக்கப்பட்ட பிராணி அது. ஆயினும் எருமை ஈன்றாலும் பசுவுக்குச் செய்யும் அதே கவனிப்புதான். கொடி விழும்வரை ஒருவர் கண்கொட்டாமல் காத்திருப்பார். விழுந்ததும் மண் படாமல் எடுத்து, வைக்கோலில் சுற்றி, பழஞ்சாக்கில் திணித்து, வாய்ப்புறம் கயிற்றால் இறுக்கி, ஆலமரக் கிளையில் கட்டிவிடுவார்கள். சாலையோர ஆலமரங்களில் வெயிலில் காய்ந்து கறுத்துத் தொங்கும் இந்த மூட்டைகளைக் காவிரிப் படுகையில் பார்க்காதவர் குறைவு. ஆல் இல்லாவிட்டால் அத்தி, எப்படியும் கீறினால் பால் வடிகிற மரம். மரத்துப் பால்போல் மடியிலும் பால் சுரக்கும் என்பது நம்பிக்கை. தீட்டுப் பொருளை ஊரறியப் பால்மரத்தில் கட்டுவதில்லை.

கொடி விழும்வரை காத்திருக்கும் அந்தக் காவல் யாரிடமிருந்து? நாயிடமிருந்து என்றே குறித்துவைத்திருக்கிறார்கள். அது பாதிதான் சரி. முதற் காவல் ஈன்ற மாட்டிடமிருந்தே. விட்டால் மாடு தன் கொடியைத் தானே தின்றுவிடும். தின்றால் பால் வற்றும் என்பார்கள். தொண்டையில் அடைக்கும், செரிக்காது என்று கால்நடை மருத்துவர்களும் தடுக்கவே சொல்கிறார்கள். என் வாதத்தின் அச்சு இந்தச் சிறு செய்திதான்.

ஏனெனில் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நஞ்சுக்கொடியை வேகவைத்து, உலர்த்தி, பொடித்து, குப்பி மாத்திரைகளில் அடைத்துப் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் தன்னை நியாயப்படுத்திக்கொள்வது இரண்டு கூற்றுகளால்: பாலூட்டிகள் எல்லாம் தின்கின்றன, தின்றால் பால் பெருகும். நம் உழவர்களுக்கு முதற் கூற்று தங்கள் மாட்டளவில் கண்ணால் கண்ட உண்மை. அதைக் கண்டபின்பும் இரண்டாவதற்கு நேர் எதிரான முடிவையே அவர்கள் எடுத்தார்கள்.

உடலியலும் இங்கே துணை நிற்கிறது. பெண்ணின் உடலில் கொடி உள்ளே இருக்கும்வரை அது சுரக்கும் புரோஜெஸ்டிரான் பால் இறங்குவதைத் தடுத்து வைக்கிறது; கொடி வெளியேறியதும் அதன் அளவு சரிய, சில நாளில் பால் கட்டுகிறது. ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் பால் தாமதப்படலாம். நம் முன்னோர் ஹார்மோனை அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது ஆய்வாகாது. கொடி போவதும் பால் வருவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள் என்பதே என் துணிபு.

இப்போது நஞ்சு என்ற சொல்லுக்கு வருவோம். பேறு வீட்டில் நடந்த நாளில் பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் கிழவிகளின் அடுத்த கேள்வி, 'நஞ்சு விழுந்துதா?' என்பது. ஆணா பெண்ணா என்பதுகூடப் பிறகுதான். விழாமல் தங்கினால் குருதி நிற்காது, அழுகிச் சீழ்வைக்கும், தாய் பிழைப்பது அரிது. இந்தக் கேள்விக்குள் வைத்துப் படித்தால், நஞ்சு என்பது பொருளின் இழிவைச் சுட்டவில்லை. தங்கினால் நஞ்சாகும் என்ற அச்சத்தைச் சுட்டுகிறது. நைந்துபோனதைப் பேச்சில் 'நஞ்சுபோச்சு' என்கிறோமே, அதோடு இதை உறவுபடுத்தவும் இடமுண்டு. ஒலிமாற்றம் ஐந்து அஞ்சானது போன்றதே. ஆனால் அதை நிறுவப் போதுமான சான்று இல்லாததால் அவ்வழியே நான் போகவில்லை.

பெண்ணின் கொடியைக் கொல்லையில் ஆழப் புதைத்தவர் மருத்துவச்சி. அவர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இதுவே தீட்டுக்குச் சான்றல்லவா என்பார்கள். அந்தப் பெண்கள்மேல் தீட்டு சுமத்தப்பட்டது உண்மை, அது கொடுமை. எத்தனையோ உயிர்களைக் காத்த கைகளை வாசற்படிக்கு வெளியே நிறுத்தினார்கள். ஆனால் அது வேலை செய்தவர்மேல் சாதி ஏற்றிய தீட்டு. அதை உறுப்பின் பெயருக்குக் காரணமாக்குவது சாதியின் கூற்றையே சான்றாக ஏற்றுக்கொள்வதாகும்.

உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டியதை முற்கால 'ஸ்டெம் செல் வங்கி' என்பவர்களுக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. காய்ந்து சருகான திசுவில் உயிரணு உயிரோடிராது. அதைப் பிள்ளையில்லாதவர்களுக்கு அரைத்துக் கொடுத்ததாகச் சொல்வதுண்டு. அங்கும் உண்டவள் பெற்றவள் அல்லள்.

பெற்றவள் உண்டது வேறு: சுக்கு, மிளகு, பூண்டு, பிரசவ லேகியம், பால்சுறாப் புட்டு. பாபநாசம் வட்டத்திலேயே உள்ள திருக்கருகாவூரின் தலபுராணமும் இதே திசையில் நிற்கிறது. கருவைக் குடத்தில் வைத்துக் காத்த கர்ப்பரட்சாம்பிகையின் கதையில், பிறந்த பிள்ளைக்குப் பால் வருவது காமதேனுவிடமிருந்து. கோயிலில் பிள்ளை வேண்டுவோருக்கு உண்ணத் தருவது நெய். சூலிகளுக்கு வயிற்றில் தடவத் தருவது விளக்கெண்ணெய்.

குப்பி மாத்திரையின் பயன் குறித்து நெவாடா பல்கலைக்கழகத்தார் 27 பெண்களிடம் செய்த சோதனையில், நஞ்சுக்கொடி விழுங்கியவர்களுக்கும் வேறு பொடி விழுங்கியவர்களுக்கும் மனநிலையிலோ களைப்பிலோ கருதத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சிறிய சோதனைதான். ஆனால் 2016இல் ஓரிகனில் பிறந்த குழந்தையின் செய்தி சிறியதன்று. பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று மருத்துவத்தில் தணிந்து வீடு போன சில நாளில் மறுபடி வந்தது. தாய் நாளுக்கு மூன்று வேளை விழுங்கிய குப்பிகளில் அதே கிருமி இருந்தது. 2017 ஜூனில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இந்த வழக்கத்தைத் தவிர்க்கச் சொன்னது.

தமிழ்நாட்டுப் பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவமனையில் நடந்ததாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்கிறது. தாய்மார் பிழைக்கிறார்கள், அது பெரும்பேறு. 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி கொடி மஞ்சள் பைக்குள் போகிறது. கொல்லைக் குழி மறைந்துவிட்டது, 'நஞ்சு விழுந்துதா?' என்று கேட்ட கிழவிகள் பேற்றறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆலமரத்து மூட்டைகள் மட்டும் இன்னும் தொங்குகின்றன.