தாமான் கயிறு: பாயை ஆண்ட ஒரு சிறுபொருளின் வரலாறு

இந்தியப் பெருங்கடலில் முஸ்லிம்கள் நிகழ்த்திய கடலோட்டத்தைப் பற்றி எழுதுவோர் விண்மீன்களையும் பருவக்காற்றையும் முக்கோணப் பாயையும் விரிவாகப் பேசுவர். அந்தப் பாயைக் காற்றுக்கு ஏற்பப் பிடித்து நிறுத்திய கயிற்றைப் பற்றிப் பேசுவோர் அரியர். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. பீங்கானும் நாணயமும் கடலடியில் நூற்றாண்டுகள் கிடந்தும் அழிவதில்லை. கயிறோ பெரும்பாலும் மட்கிப் போய்விடுகிறது. எஞ்சியிருப்பவை சொற்களும் சில பயணக் குறிப்புகளுமே. அவற்றைக் கொண்டே நாம் இங்கு சிலவற்றைக் காண முயல்கிறோம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பெரும் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், பாயின் முன்பக்கத்தை 'ஜூஷ்' என்றும் பின்பக்கத்தை 'தாமான்' என்றும் குறிப்பிடுகிறார். பாயின் பின்மூலையைக் கப்பலோடு பிணைக்கும் கயிற்றுக்கும் இப்பெயரே வழங்கியது. பாரசீகத்தில் 'தாமன்' என்பது ஆடையின் தொங்கும் விளிம்பு. பாயைக் கப்பலின் ஆடையாகக் கண்ட கண்ணே இப்பெயரை இட்டிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். இச்சொல் தமிழுக்கும் வந்து நம் அகராதிகளில் தாமான் என்றே பதிவாகியுள்ளது. முஅல்லிம் மாலுமியானதையும், சுக்கான் எழுத்து மாறாமல் சுக்கானாகவே நின்றதையும் அறிந்தவர்கள், அவற்றின் உடன்பிறப்பான இச்சொல்லை அறியாதிருப்பது வியப்பே.

தாமானின் வேலை எளிதாகத் தோன்றும். இழுத்தால் பாய் கப்பலின் நடுக்கோட்டை நெருங்கும். தளர்த்தினால் விலகிக் காற்றை வெளியேவிடும். இக்காலப் பாய்ப்படகுகளில் இக்கயிற்றின் அடிக்கப்பி குறுக்கே பதித்த ஒரு தண்டவாளத்தில் ஓடுகிறது. இருபுறமும் உள்ள சிறு கயிறுகள் அதனை வேண்டிய இடத்தில் நிறுத்துகின்றன. அதனால் பாயின் கோணத்தை ஒரு கயிறும் இறுக்கத்தை மற்றொரு கயிறும் கவனித்துக்கொள்ளும். அரபு மரக்கலத்தில் இவ்வசதி கிடையாது. இரண்டையும் ஒரே தாமான் செய்தாக வேண்டும். ஆகவே அதனைக் கப்பல் விளிம்பில் எவ்விடத்தில் கட்டுவது, எப்போது மாற்றிக் கட்டுவது என்பதே ஒரு கலையாயிற்று. கப்பலை மறுபக்கக் காற்றுக்குத் திருப்புவதோ பெரும்பாடு. காற்று பின்னால் வரும்படி கப்பலைச் சுழற்றி, தாமானை அவிழ்த்து, நீண்ட பருமலைச் செங்குத்தாக நிமிர்த்தி, பாயைப் பாய்மரத்துக்கு முன்புறமாக மறுபக்கம் கொண்டுசென்று, மீண்டும் தாமானைக் கட்ட வேண்டும். அந்நேரத்தில் கயிறு அறுந்தால் பாய் கட்டுக்கடங்காது அடித்துக்கொள்ளும்; ஆள் சேதமும் நேரும்.

எனவே எந்த நாரினால் கயிறு திரிப்பது என்பது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. அதற்குக் கடல் தந்த விடை தென்னை நார். கி.பி. 1030ஐ ஒட்டி எழுதிய அல்பிரூனி, மாலத்தீவுப் பக்கத்துத் தீவுகளை அவற்றின் விளைபொருளைக் கொண்டே இரண்டாகப் பிரிக்கிறார்: சோழித் தீவுகள், கன்பார்த் தீவுகள். கன்பார் என்பது தென்னை நார்க்கயிறு. 1183இல் ஹஜ்ஜுக்குச் சென்ற இப்னு ஜுபைர், ஐதாப் துறைமுகத்து மரக்கலங்கள் ஆணியின்றி இந்நாரினால் தைக்கப்பட்டுச் சுறா எண்ணெய் பூசப்படுவதைக் கண்டு எழுதினார். 1343இல் மாலத்தீவு சென்று காழியாகவும் இருந்த இப்னு பதூதாவோ வேலையையே வருணிக்கிறார்: கடற்கரைக் குழிகளில் மட்டையை ஊறவைப்பர், கொட்டாப்புளியால் அடிப்பர், பின் பெண்கள் நாரைத் திரிப்பர். அக்கயிறு சீனத்துக்கும் இந்தியாவுக்கும் யமனுக்கும் சென்றது. சணலைவிட அது மேல் என்பது அவர் தீர்ப்பு. பெருங்கடலை ஆண்ட நாகுதாக்களின் பெயர்கள் சில நமக்குக் கிடைத்துள்ளன. அவர்களின் பாயைத் தாங்கிய கயிற்றைத் திரித்த அப்பெண்களில் ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை.

தென்னை நாருக்குத் தனிக் குணமுண்டு. அது நீண்டு கொடுக்கும். காற்றின் திடீர் அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். நீரில் மிதக்கும். உப்புநீரைப் பொறுக்கும், நன்னீரில் கிடந்தால் கெடும். ஆகவே கப்பலோட்டிக்குக் கடலைவிட மழையே கயிற்றின் பகை. நனைந்ததை விரித்துக் காயவைப்பதும், கப்பியில் உரசித் தேய்ந்த பகுதியை வெட்டிப் பிணைப்பதும், சிறு கயிறுகளைக் கப்பலிலேயே திரிப்பதும் ஓயாத வேலைகள். அபுல் ஃபஸ்லின் ஆயினெ அக்பரியில் கப்பல் ஊழியர்களின் பட்டியல் ஒன்று உள்ளது. அதில் நாகுதாவுக்கும் முஅல்லிமுக்கும் அடுத்தடுத்துப் பலர் வந்தபின், கடைசியாகவே பாயை விரித்துச் சுருட்டும் கார்வாக்கள் வருகின்றனர். கயிறு அவர்கள் கையில்தான் இருந்தது.

1980இல் ஓமானின் ஸூர் நகரில் டிம் செவரின் பழைய முறைப்படி 'சுஹார்' என்ற மரக்கலத்தைக் கட்ட முனைந்தபோது இவ்வறிவின் அருமை வெளிப்பட்டது. பலகைகளைத் தைக்கச் சுமார் 640 கிலோமீட்டர் நீளமுள்ள தென்னை நார்க்கயிறு வேண்டியிருந்தது. தைக்கத் தெரிந்த கைகளை லட்சத்தீவின் அகத்தி தீவிலிருந்தே வருவிக்க நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட சுஹார், இலங்கையைக் கடந்தபின் பருமல் முறிந்து தடுமாறியது. எனினும் 1981 ஜூலையில் காண்டன் சேர்ந்தது. வழியில் மரம் முறிந்தது. அகத்தியார் இட்ட தையல் சீனம் வரை தாங்கியது.