தேடலிலிருந்து நேசத்துக்கு: ஒரு ஸ்பானியச் சொல்லின் பயணம்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோருக்கு அருஞ்சொற்கள் தரும் தொல்லை சிறிது. எளிய சொற்கள் தரும் தொல்லையே பெரிது. அருஞ்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள் இருக்கும். அகராதியைப் புரட்டினால் ஐயம் தீர்ந்துவிடும். நாள்தோறும் நாவில் புழங்கும் சொல்லோ இடத்துக்கொரு முகம் காட்டும். ஸ்பானிய மொழியில் 'கெரேர்' என்னும் வினைச்சொல் அத்தகையது.

'கியேரோ ஆகுவா' என்றால் 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பது பொருள். 'தெ கியேரோ' என்றால் 'உன்னை நேசிக்கிறேன்' என்று பொருள். தாய் பிள்ளையிடமும், கணவன் மனைவியிடமும், நண்பர் நண்பரிடமும் இச்சொல்லையே சொல்கின்றனர். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கும் மாணவன் 'கியேரே தெசீர்' என்கிறான். அச்சொல் எதைச் சொல்ல விரும்புகிறது என்று கேட்பதே பொருள் கேட்கும் முறை. தவறிக் காலை மிதித்துவிட்டவர் 'சின் கெரேர்' என்கிறார். வேண்டுமென்றே செய்யவில்லை என்பது அதன் கருத்து. 'குவால்கியேரா' என்ற சொல்லிலும் இவ்வினை ஒளிந்திருக்கிறது; 'எவராயினும்' என்று அதற்குப் பொருள்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய அனுபவமன்று. தண்ணீர் 'வேண்டும்' என்கிறோம், நெருங்கிய அன்பரை 'வேண்டியவர்' என்கிறோம், இறைவனை 'வேண்டுகிறோம்'. தேவையும் அன்பும் மன்றாட்டும் நம் மொழியிலும் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன.

ஆயினும் ஸ்பானியருக்கு ஒரு நுட்பம் உண்டு. 'எனக்கு ஒரு மருத்துவர் வேண்டும்' என்னும்போது, யாரேனும் ஒரு மருத்துவர் வந்தால் போதும். அங்கே 'கெரேர்' தனித்து நிற்கும். 'ஒரு மருத்துவரை நேசிக்கிறேன்' என்னும்போதோ, மருத்துவர் என்ற சொல்லுக்கு முன் 'ஆ' என்னும் ஓரெழுத்து இடைச்சொல் வந்து சேரும். பெயரும் முகமும் உள்ள ஓர் ஆளைச் சுட்டும் எழுத்து அது. ஆளைப் பொருளாக்காமல் காக்கும் எழுத்து என்றும் நாம் அதைச் சொல்லலாம்.

இச்சொல்லின் பிறப்பைத் தேடிச் சென்றால் இலத்தீன் மொழியின் 'குவேரெரே' என்னும் வினையை அடைகிறோம். அதன் பொருள் தேடுதல், வினவுதல். விரும்புதலைக் குறிக்க இலத்தீனில் 'வெல்லே' என்ற வேறு வினை இருந்தது. இத்தாலியமும் பிரெஞ்சும் அதன் வழிவந்த வினைகளையே இன்றும் வைத்திருக்கின்றன. ஸ்பானியமும் போர்த்துகீசியமும் அவ்வினையைக் கைவிட்டு, தேடுதலைக் குறித்த சொல்லை விருப்பத்துக்கு உரியதாக்கிக் கொண்டன. ஒன்றை விடாமல் தேடுகிறவன் அதை விரும்புகிறான். விரும்புகிறவன் காலப்போக்கில் நேசிக்கிறான். வாழ்க்கையில் நாம் காணும் இவ்வரிசையைத்தான் சொல்லும் பின்பற்றியது. தேடுதலைக் குறிக்க 'புஸ்கார்' என்ற வேறு சொல் வந்தமர்ந்தது. கி.பி. 1200ஐ ஒட்டி உருப்பெற்ற எல் சித் காவியத்தில், நாடு கடத்தப்பட்ட வீரன் தன் மனைவி சிமேனாவிடம் விடைபெறும்போது தன் அன்பை உரைப்பது 'கெரேர்' என்னும் வினையால்தான்.

ஆனால் ஒரே வேரில் முளைத்த எல்லாக் கிளைகளும் இனிய கனி தரவில்லை. எல்லாராலும் நேசிக்கப்படுபவரைக் குறிக்கும் 'பியென்கீஸ்தோ' இக்குடும்பத்துச் சொல். நாடு பிடித்தலைக் குறிக்கும் 'கொன்கீஸ்தா' என்பதும் இதே குடும்பத்தது. 1478இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துசின் ஆணையால் ஸ்பெயினில் தோன்றி, 1834இல் முற்றாக ஒழிக்கப்பட்ட விசாரணை மன்றத்தின் பெயரான 'இன்கிசிசியோன்' என்பதும் அவ்வாறே. கேள்வி என்னும் பொருள்தரும் 'குவெஸ்தியோன்' பழைய நீதிமன்ற வழக்கில் சித்திரவதையோடும் இணைத்துச் சொல்லப்பட்டது.

இக்குடும்பத்தில் மிகவும் துயரமான சொல் 'ரெகெரிமியெந்தோ'. கட்டளையாக விடுக்கப்படும் கோரிக்கை என்று அதனைக் கூறலாம். அதன் வரலாறு ஒரு மறையுரையோடு தொடங்குகிறது. 1511ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில், இஸ்பானியோலாத் தீவில், தோமினிக்கன் சபைத் துறவி அந்தோனியோ தெ மோந்தேசினோஸ் மறையுரை மேடையில் நின்று, இத்தீவின் மக்கள் மனிதரல்லரோ, எந்த உரிமையால் இவர்களை அடிமைப்படுத்துகிறீர்கள் என்று குடியேறிகளை வினவினார். அவ்வினா அரண்மனைவரை எட்டியது. 1512இல் பூர்கோஸ் சட்டங்கள் பிறந்தன. 1513இல் சட்ட அறிஞர் பலாசியோஸ் ரூபியோஸ் இந்த அறிக்கையை வரைந்தார்.

படையெடுக்குமுன் பூர்வகுடி மக்களுக்கு அதனை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. கடவுள் உலகைப் படைத்தது, பேதுருவின் அதிகாரம், திருத்தந்தை இந்நிலங்களைக் காஸ்தீல் அரசருக்கு அளித்தது ஆகியவற்றைச் சொல்லி, பணிந்தால் அன்போடு ஏற்போம் என்றும், மறுத்தால் போரும் அடிமைத்தனமும் விளையும், அதன் பழியும் உங்களையே சேரும் என்றும் அது அறிவித்தது. கேட்டவர்களுக்கு ஸ்பானியம் தெரியாது. ஆட்கள் ஓடிப்போன வெற்றூர்களிலும் அது வாசிக்கப்பட்டதுண்டு. மோந்தேசினோஸ் விடை வேண்டி வினவினார்; இவ்வறிக்கையோ விடையை எதிர்பாராமலே வினவியது. அதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனத் தோமினிக்கன் துறவி பர்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் பின்னர் எழுதினார்.

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. தமக்கு அளிக்கப்பட்டிருந்த பூர்வகுடி உழைப்பாளர்களை 1514இலேயே துறந்தவர் அவர். குவாத்தமாலாவில் 'போர் நிலம்' எனப்பட்ட தெசுலுத்லான் பகுதிக்குள் படைவீரர் நுழையக்கூடாது என்று 1537இல் ஆளுநரிடம் உறுதிபெற்றார். துறவிகள் அம்மக்களின் மொழியைக் கற்று உள்ளே சென்றனர். அப்பகுதி பின்னர் 'வேரா பாஸ்', அதாவது 'மெய்யான அமைதி' என்ற பெயர் பெற்றது. 1539இல் சலமான்காப் பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, நற்செய்தியை ஏற்க மறுப்பது போர் தொடுக்கக் காரணமாகாது என்று கற்பித்தார். 1573இல் இரண்டாம் பிலிப்பு அரசர் 'கொன்கீஸ்தா' என்ற சொல்லையே ஆவணங்களில் விலக்கி, 'அமைதிப்படுத்துதல்' என்று எழுதப் பணித்தார். சொல் மாறியது, கொடுமையோ அந்த அளவுக்கு மாறவில்லை. பெயரை மாற்றுவது எளிது. பிறரை நோக்கும் பார்வையை மாற்றுவதே அரிது.

தேடுதல் என்னும் ஒரே வினை ஓரிடத்தில் நேசமாகக் கனிந்தது. மற்றோரிடத்தில் வாளாக மாறியது. வேறுபாடு எங்கே தோன்றியது? எதிரே நிற்பவரைத் தண்ணீரைப்போல் தனக்கு வேண்டிய பொருளாகக் காண்பதா, தன்னைப்போல் விடைசொல்லும் உரிமையுள்ள ஆளாகக் காண்பதா என்பதில்தான். மோந்தேசினோஸ் அந்த உரிமையைக் கண்டார். தெசுலுத்லானுக்குச் சென்ற துறவிகள் அவ்விடையைக் கேட்பதற்காகவே மொழி பயின்றனர். ஸ்பானிய இலக்கணம் இந்த வேறுபாட்டை ஓரெழுத்தால் காட்டுகிறது.

நாமும் நாள்தோறும் மனிதரை வேண்டுகிறோம்: வேலைக்கு ஆள் வேண்டும், வாக்கு வேண்டும், உதவி வேண்டும் என்கிறோம். பணிக்குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். கோவில் நிறைய ஆள் வேண்டும் என்றே பலவேளை எண்ணுகிறோம். நமக்கு வேண்டியிருப்பவர் எல்லாம் நமக்கு 'வேண்டியவர்' ஆகிவிட்டாரா என்பதே நாம் நம்மை வினவ வேண்டிய கேள்வி.