பாமாலையும் கீர்த்தனையும்

களக்காடு முதல் பாளையங்கோட்டை வரையுள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில், ஒரே ஆராதனையில் இருவகை இசையைக் கேட்கிறோம். ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாமாலை ஒன்று. ராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனை மற்றொன்று. முன்னது மிஷனரிகள் கொண்டுவந்தது. பின்னதையும் அவர்களது கொடையென்றே நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம்.

1774இல் நெல்லைச் சீமையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரைத் தஞ்சைக்கு அழைத்துச்சென்று கல்வி அளித்தவர் ஜெர்மானியரான சுவார்ட்ஸ். ஆனால் 'பெத்லகேம் குறவஞ்சி'க்குச் சாஸ்திரியார் எடுத்துக்கொண்டதோ, குற்றாலக் குறவஞ்சியால் இம்மண்ணில் புகழ்பெற்றிருந்த வடிவம். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளையும் (1827–1900) கம்பனில் தோய்ந்த தமிழிலேயே கிறிஸ்துவைப் பாடினார்.

கீர்த்தனைக்கு வந்தவர்கள் அளித்தது பாடுபொருள், பண் நம்முடையது. தமிழிசை வரலாறு எழுதுவோர் இந்த ஆலயங்களுக்குள்ளும் சென்று செவிகொடுக்க வேண்டும்.