அசெகெய்னைடு

சீரற்ற இதயத்துடிப்புக்கான மருந்துகளில் ஒன்று அசெகெய்னைடு. இதன் வேதிப்பெயர் என்-அசிட்டைல்புரோகெய்னமைடு. மருத்துவர்கள் சுருக்கமாக ‘நாபா’ என்பார்கள். புரோகெய்னமைடு என்ற மருந்தைச் சாப்பிட்டவரின் கல்லீரலே இதைத் தயாரித்துவிடும்.

தாய் மருந்தான புரோகெய்னமைடின் வேர் பல் மருத்துவரின் ஊசியில் இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கிய மரப்பு மருந்து புரோகெய்ன், 1905 முதல் ‘நோவோகெய்ன்’ என்ற பெயரில் பரவியது. அதை நேரடியாக இதயத்தில் இட்டால் இதயத்தசை எளிதில் கிளர்ச்சி அடைவதில்லை என்று 1936-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மாட்ஸ் காட்டினார். ஆனால் இரத்தத்தில் உள்ள நொதிகள் புரோகெய்னை விரைவாகச் சிதைத்துவிடும். அதன் எஸ்டர் பிணைப்பை அமைடு பிணைப்பாக மாற்றியதும் மருந்து தாக்குப்பிடித்தது. அப்படிப் பிறந்த புரோகெய்னமைடு 1950-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அதற்கும் ஒரு வில்லங்கம் இருந்தது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களில் பலருக்கு மூட்டுவலியும் காய்ச்சலுமாக லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயின் அறிகுறிகள் தென்பட்டன. பென்சீன் வளையத்தில் மூடப்படாமல் இருக்கும் அமீன் முனைமீது சந்தேகம் விழுந்தது. நாபாவில் அந்த முனையை அசிட்டைல் தொகுதி மூடியிருக்கிறது. 1970-களில், துடிப்பைச் சீராக்கும் திறன் நாபாவுக்கும் உண்டு எனத் தெரிந்ததும், அதையே தனி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். லூபஸ் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

வேலை செய்யும் விதமோ மாறிவிட்டது. புரோகெய்னமைடு முக்கியமாகச் சோடியம் அயனிகள் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும். சீரற்ற துடிப்புக்கான மருந்துகளின் வகைப்பாட்டில் அது முதல் வகுப்பு மருந்து. நாபா பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கும். இது மூன்றாம் வகுப்பு. இதனால் இசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது இதயக் கீழறைகள் மின்தூண்டலடைந்து மீள ஆகும் நேரம், நீளும். அளவு மிஞ்சினால், அலைகள் முறுக்கிய கயிறுபோலத் தெரியும் ‘டோர்சாட் டி பாயிண்ட்ஸ்’ என்ற உயிராபத்தான துடிப்பும் வரலாம்.

யார் உடலில் எவ்வளவு நாபா உருவாகும் என்பதை நாட்-2 என்ற நொதியின் மரபணு தீர்மானிக்கிறது. காசநோய் மருந்தான ஐசோனியசிடைச் செயலிழக்கச் செய்வதும் இதே நொதிதான். இந்த நொதி ஐசோனியசிடைச் செயலிழக்கச் செய்யும் வேகம் நோயாளிக்கு நோயாளி வேறுபடுவதைச் சென்னையின் காசநோய் ஆய்வு மையம் 1960-களின் தொடக்கத்திலேயே அளந்து பதிவு செய்தது.

நாபா பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆரோக்கியமானவருக்குச் சுமார் 6 முதல் 10 மணி நேரம் ஆகும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு 40 மணி நேரத்தையும் தாண்டலாம். தனி மருந்தாக நாபா நிலைக்கவில்லை. ஆனால் புரோகெய்னமைடு செலுத்தப்படும் நோயாளியின் இரத்தத்தில் மருத்துவர்கள் இரண்டையும் சேர்த்தே அளக்கிறார்கள்.